ஆங்கிலம் கடைசியில் வரட்டும்: முதல் ஆய்வுக் கட்டுரை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு

"அடுத்த மாசத்துக்குள்ள எல்லாரும் ஒரு ரிசர்ச் எஸ்ஸே எழுதணும், ஆயிரம் வார்த்தை" என்று சொன்னதும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். ஒவ்வொரு வருடமும் இதைப் பார்க்கிறேன். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாதிப் பேர் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். மணி அடித்த பிறகு யாராவது ஒருவர் என் மேசைக்குப் பக்கத்தில் தயங்கி நின்று கேட்பார்: "மிஸ், எனக்கு இங்கிலீஷே சரியா வராது. நான் எப்படி எழுதுவேன்?"

அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். இந்த வேலையில் முக்கால் பங்குக்கு ஆங்கிலம் தேவைப்படாது. கேள்வி தேடுவது, நூலகத்துக்குப் போவது, ஆட்களைப் பார்த்துப் பேசுவது, குறிப்பு எடுப்பது, எதற்குப் பின் எது என்று அடுக்குவது எல்லாமே தமிழில் நடக்கலாம். தமிழில் நடந்தால் இன்னும் நன்றாக நடக்கும். ஆங்கிலம் கடைசி வாரத்தில் வந்தால் போதும். அப்போது அது வந்து உட்கார இடம் தயாராக இருக்கும்.

ஆசிரியர் வேலையில் சேர்ந்த முதல் வருடம் நான் தலைப்பை மட்டும் எழுதிப்போட்டுவிட்டு அனுப்பினேன். நாற்பது கட்டுரை வந்தது. பெரும்பாலானவை ஒரே வரியில் தொடங்கின: தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை. வரிகளில் இலக்கணப் பிழை அதிகம் இல்லை. ஆனால் எந்தக் கட்டுரையிலும் அந்தப் பிள்ளை இல்லை, அவன் ஊர் இல்லை, அவன் கேட்ட கேள்வி ஒன்றும் இல்லை. எப்படித் திட்டமிடுவது என்று நான் சொல்லித்தரவில்லை. அவர்கள் இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஒட்டிக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்ட முறைதான் கீழே இருப்பது.

சாதாரண எஸ்ஸேக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண எஸ்ஸேயில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதுவீர்கள். ஆய்வுக் கட்டுரையில் உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, தேடி, கிடைத்த பதிலை "இதை இன்னார் சொன்னார், இந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று காட்டி எழுதுவீர்கள். படித்தவர் எழுந்து போய் நீங்கள் சொன்ன புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க முடிய வேண்டும்.

முதல் படி: தலைப்பை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

அதிக நேரம் போக வேண்டிய இடம் இது. பிள்ளைகள் கொண்டுவரும் தலைப்புகள் பெரும்பாலும் வானத்தின் அளவுக்கு இருக்கும்: வாட்டர் பொல்யூஷன், குளோபல் வார்மிங், விவசாயம். ஆயிரம் வார்த்தையில் வானத்தை அடக்க முடியாது.

போன வருடம் ஒரு பெண் வாட்டர் பொல்யூஷன் என்று எழுதிக் கொண்டுவந்தாள். உட்காரச் சொல்லிப் பேசினேன்.

"எந்தத் தண்ணிம்மா?"

"குடிக்கிற தண்ணி மிஸ்."

"எந்த ஊர்ல?"

"எங்க ஊர்லதான். பல்லு கறையா இருக்குமே, அந்தத் தண்ணி."

"இப்பவும் அதையா குடிக்கறீங்க?"

"இல்ல மிஸ், ஒகேனக்கல் தண்ணி வருது. ஆனா எங்க பாட்டி இன்னும் போர் தண்ணிதான் குடிக்கறாங்க. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க."

அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அதுதான் கேள்வி. ஒகேனக்கல் தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகும் எங்கள் ஊரில் சிலர் ஏன் போர் தண்ணீரையே குடிக்கிறார்கள்? அவள் நோட்டில் அதைத் தமிழிலேயே எழுதிக்கொண்டாள். (போர் தண்ணீர் என்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் புளோரைடு அதிகமானால் பல் கறையாகும். ஒகேனக்கல் தண்ணீர் காவிரியிலிருந்து குழாயில் வரும் குடிநீர்.) இந்தக் கட்டுரை முழுக்க அவள் செய்த வேலையையே உதாரணமாகக் காட்டப்போகிறேன்.

உங்கள் கேள்வி தேறுமா என்று மூன்று விதத்தில் பாருங்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடிந்தால் அது கேள்வி இல்லை, பொது அறிவு. டவுன் பஸ்ஸும் நூலகமும் கைபேசியும் வைத்துக்கொண்டு நாலு வாரத்தில் பதிலை நெருங்க முடியாவிட்டால் அது இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். விவரம் தெரிந்த இரண்டு பேர் அதற்கு வேறு வேறு பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் தைரியமாக எடுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் பெங்களூரா ரகத்தையே ஏன் இவ்வளவு நம்பியிருக்கிறார்கள், கூழ் தொழிற்சாலை விலையைக் குறைத்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு விளைந்து நிற்கும் நேரத்தில் யானை வருகிறதே, ராத்திரிக் காவல் இருப்பதால் உண்மையில் எவ்வளவு காப்பாற்ற முடிகிறது? மாடு மீட்கப் போய் இறந்தவர்களுக்கு ஏன் இத்தனை நடுகற்கள்? தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியை அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று எப்படி அறிந்திருக்கிறார்கள்? இவற்றில் எதை எடுத்தாலும் இணையத்தில் ஆயத்தமான கட்டுரை எளிதில் கிடைக்காது. நீங்களேதான் தேட வேண்டியிருக்கும், அதனால்தான் நல்ல கேள்விகள் என்கிறேன்.

நாலு வாரக் கணக்கு

முதல் வாரம் கேள்விக்கு. இரண்டாவது வாரமும் மூன்றாவது வாரத்தில் பாதியும் தேடுவதற்கும் குறிப்புக்கும். மூன்றாவது வாரக் கடைசியில் அடுக்குதல். நாலாவது வாரம் எழுதித் திருத்துவது. இடையில் காலாண்டுத் தேர்வோ வீட்டில் அறுவடை வேலையோ வந்தால் தேடும் நாட்களைக் குறையுங்கள். திருத்தும் நாட்களில் கை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது, எதை நம்புவது

எல்லாரும் கூகுளில் தொடங்குகிறார்கள், தொடங்கட்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. நூலகரிடம் தலைப்பைச் சொல்லாதீர்கள், கேள்வியைச் சொல்லுங்கள். "தண்ணீர் பற்றிப் புத்தகம் வேணும்" என்றால் எதையோ எடுத்துக் கொடுப்பார். "புளோரைடு பத்தி, நம்ம மாவட்டத்தைப் பத்தி" என்றால் யோசித்துத் தேடுவார். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசமாகத் திறந்திருக்கிறது. நடுகல் பற்றி எழுதுபவர்கள் இரண்டு ஊர் அரசு அருங்காட்சியகங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்து, கல்லுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டு வரலாம். விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், ஆனால் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். அதன் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியல்தான் நமக்கு வேண்டியது. அங்கிருந்து மூல ஆவணத்துக்குப் போங்கள்.

அப்புறம் இன்னொன்று. கிடைத்த தகவல் எந்த வருடத்துத் தகவல் என்று பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

அந்தப் பெண் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் செலவைத் தேடியபோது ஒரு செய்தியில் 1,334 கோடி ரூபாய் என்று இருந்தது, இன்னொன்றில் 1,928 கோடி. எது பொய் என்று என்னிடம் கேட்டாள். இரண்டுமே பொய் இல்லை. முதலாவது 2008இல் திட்டம் தொடங்கியபோது போட்ட மதிப்பீடு. இரண்டாவது 2013இல் திட்டம் திறக்கப்பட்டபோது சொன்ன தொகை. வருடத்தைச் சேர்த்து இரண்டையும் எழுதினால் கட்டுரைக்கே பலம். வருடம் இல்லாமல் ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதைப் படித்தவர் உங்களை நம்ப மாட்டார்.

இரண்டாவது உதாரணம் ஒரு பையனுடையது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வைப் பற்றி எழுதினான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொதுயுகத்துக்கு முன் 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இந்தியாவிலேயே பழமையான இரும்பு என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பையன் அதை அப்படியே எழுதிவிட்டான். ஆனால் 2025 ஜனவரியில் வெளியான அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புக்குப் பொதுயுகத்துக்கு முன் 3345 வரை காலம் சொல்லப்பட்டது. பையன் மனசு கொஞ்சம் வாடிவிட்டது, நம் ஊர்ப் பெருமை போய்விட்டதே என்று. அப்படி வாட வேண்டியதில்லை. "2022இல் இப்படி அறிவிக்கப்பட்டது, 2025இல் அதைவிடப் பழைய காலம் சொல்லப்பட்டது" என்று இரண்டையும் எழுதச் சொன்னேன். முன்பு இருந்ததைவிடக் கட்டுரை உயிரோட்டமாகிவிட்டது.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லார் கையிலும் இருக்கிறது. புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் "ஆதாரம் கொடு" என்று கேட்காதீர்கள். இல்லாத புத்தகத்துக்கும் இல்லாத பக்கத்துக்கும் பெயர் சொல்லிவிடும், படிக்க உண்மை மாதிரியே இருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்துத் திறந்த ஆவணம் மட்டுமே உங்கள் ஆதாரம்.

ஆட்களும் ஆதாரம்தான்

நம் பிள்ளைகள் கைவசம் இருந்தும் பயன்படுத்தாத சொத்து இது. பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர், தோட்டத்துத் தாத்தா, மண்டியில் கணக்கு எழுதும் அண்ணன் எல்லாருக்கும் புத்தகத்தில் இல்லாத விவரம் தெரியும்.

போகும்போது ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு போங்கள், அதற்கு மேல் வேண்டாம். "ஆமா, இல்ல" என்று முடிந்துவிடும் கேள்வியைத் தவிருங்கள். "போர் தண்ணி நல்லதா பாட்டி?" என்று கேட்டால் "நல்லதுதான்" என்று முடிந்துவிடும். "காலையில எழுந்ததுல இருந்து எந்தத் தண்ணிய எதுக்கு எடுக்கறீங்க பாட்டி?" என்று கேட்டால் ஒரு கதையே வரும். கட்டுரையில் அவர் பேச்சை எழுதப்போவதாகச் சொல்லி முதலிலேயே அனுமதி கேளுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சை அவர் சொன்னபடியே, கொச்சையோடு எழுதுங்கள். அந்த இடத்தில் நீங்கள் திருத்தினால் விஷயமே மாறிவிடும்.

மூன்றாம் படி: குறிப்பு அட்டை

கடையில் விற்கும் அட்டை வேண்டாம். வீட்டில் கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாக இருக்குமே, அதன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள். தடிமனாக இருக்கும், தரையில் பரப்பினால் காற்றில் பறக்காது.

ஒரு அட்டையில் ஒரே ஒரு விஷயம். இந்த விதியை மட்டும் மீறாதீர்கள். மேலே இரண்டு வார்த்தையில் விஷயத்தின் பெயர், நடுவில் குறிப்பு, கீழே எங்கிருந்து கிடைத்தது, எந்தப் பக்கம், எந்தத் தேதி. மூலையில் ஒரு எழுத்து: அடுத்தவர் வார்த்தையை அப்படியே எழுதியிருந்தால் "மே" (மேற்கோள்), உங்கள் வார்த்தையில் எழுதியிருந்தால் "எ" (என் வார்த்தை). அந்தப் பெண்ணின் அட்டைகளில் இரண்டு இப்படி இருந்தன.

ஒன்றில்: "பல் கறை, எப்போது. நிலைத்த பற்கள் உருவாகும் சின்ன வயதில் புளோரைடு அதிகமான தண்ணீர் குடித்தால்தான் கறை வரும். பெரியவர் ஆன பிறகு தண்ணீரை மாற்றினாலும் வந்த கறை போகாது. ஆனால் வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும், அது எந்த வயதிலும்." கீழே நூலகப் புத்தகத்தின் பெயரும் பக்கமும். மூலையில் "எ".

இன்னொன்றில்: "பாட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். 'ஒகேனக்கல் தண்ணியில மருந்து வாடை அடிக்குது சாமி. பேத்திக்கு மட்டும் அதைப் பிடிச்சு வெச்சிருவேன், அவ பல்லு நல்லா இருக்கணும். என் பல்லு போனது போனதுதான, எனக்கு எதுக்கு?'" மூலையில் "மே".

இரண்டாவது அட்டையை என்னிடம் காட்டியபோது எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்துக்கொண்டது. அது தனிக்கதை. கட்டுரைக்கு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பாட்டிக்கு விவரம் தெரியாமல் இல்லை, பாதி தெரிந்திருக்கிறது. பல்லைப் பற்றி அவர் சொன்னது சரி, எலும்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் இது தெரிந்தது.

"மே", "எ" எழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வாரம் கழித்து எது யார் வார்த்தை என்று நினைவிருக்காது. அடுத்தவர் வாக்கியத்தைத் தெரியாமலே உங்கள் வாக்கியமாக எழுதிவிடுவீர்கள். அதற்குப் பெயர் பிளேஜியரிசம், கருத்துத் திருட்டு. வேண்டுமென்றே செய்தாலும் மறந்துபோய்ச் செய்தாலும் அது தவறுதான். அங்கங்கே இரண்டு சொல்லை மாற்றி எழுதினாலும் அது திருட்டுதான். ஆங்கிலப் புத்தகத்திலிருந்து குறிப்பெடுக்கும்போது ஒரு வழி: பத்தியைப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், தமிழில் அட்டையில் எழுதுங்கள். பிறகு தமிழ்க் குறிப்பிலிருந்து ஆங்கிலத்தில் எழுதும்போது அது தானாகவே உங்கள் வாக்கியமாகிவிடும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கும் இதையே செய்யச் சொல்கிறேன். எண்களையும் பெயர்களையும் மட்டும் மறுபடி புத்தகத்தைத் திறந்து ஒத்துப்பாருங்கள்.

ஆயிரம் வார்த்தைக்கு இருபத்தைந்து அட்டை இருந்தால் நல்லது. ஐம்பது சேர்ந்தால் தேடுவதை நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: ஒற்றை வரி

இப்போது உங்கள் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இதைத் தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்பார்கள். கட்டுரை முழுக்க இந்த வரியைத் தாங்கிப் பிடிக்கும் வேலைதான்.

"புளோரைடு உடம்புக்குக் கெடுதல்" என்பது தீசிஸ் ஆகாது, யாரும் மறுக்க மாட்டார்கள். "இந்தக் கட்டுரையில் தருமபுரியின் குடிநீரைப் பற்றிப் பார்ப்போம்" என்பதும் ஆகாது, அது அறிவிப்பு. அந்தப் பெண் நாலு முறை எழுதி அடித்து, கடைசியில் எழுதியது இது: "ஒகேனக்கல் தண்ணீர் தெருவரைக்கும் வந்துவிட்டாலும், அது வரும் நேரமும் அதன் வாடையும் சரியாகி, பெரியவர்களுக்கு எலும்புப் பாதிப்பை யாராவது எடுத்துச் சொல்லாதவரை, எங்கள் ஊரில் போர் தண்ணீரை விடமாட்டார்கள்."

நீளம்தான், பரவாயில்லை. இந்த வரிக்குள் மூன்று காரணம் இருக்கிறது. மூன்றுக்கும் பத்தி எழுதியாக வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. யாராவது எழுந்து "அப்படி இல்லை" என்று வாதாடவும் இடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: பாய் விரித்து அடுக்குங்கள்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து எல்லா அட்டையையும் அதன்மேல் பரப்புங்கள். ஒரே விஷயத்தைப் பேசும் அட்டைகளை ஒன்றாகச் சேருங்கள். ஒரு குவியல் ஒரு பத்தி. தனியாக நிற்கும் அட்டையைக் கையில் எடுத்து, "இது என் ஒற்றை வரிக்கு உதவுகிறதா?" என்று கேளுங்கள். உதவாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். அலைந்து திரிந்து சேர்த்த அட்டையை ஒதுக்க மனசு வராது. என் மாணவி, ஒகேனக்கல் அருவியைப் பற்றி அழகான ஆறு அட்டை வைத்திருந்தாள், ஆறையும் ஒதுக்கினாள். ஒரு குவியலில் ஒரே அட்டைதான் இருக்கிறது, ஆனால் அது முக்கியம் என்றால் மறுபடி நூலகத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

பிறகு வரிசை. எதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்தது புரியும் என்று கேட்டுக்கொண்டே போனால் வரிசை தானாக வரும். அவளுடைய வரிசை இப்படி அமைந்தது. பாறையிலிருந்து புளோரைடு எப்படி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைகிறது, கொதிக்க வைத்தாலும் ஏன் போகாது, இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது. அடுத்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் திட்டம். அப்புறம் தண்ணீர் வரும் நேரம்: வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தால் குடம் நிரம்பாது, டேங்க் ஆபரேட்டர் சொன்னதும் அதையே. அதன்பின் வாடையும் ருசியும். கடைசியில் பாட்டி.

பாட்டிக்கு முன்னால் ஒரு பத்தி எதிர்த்தரப்புக்கு. "பெரியவர்களுக்கு அறியாமை, விழிப்புணர்வு முகாம் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்வாரே, அதை அவர் சொல்வது போலவே நியாயமாக எழுத வேண்டும். மட்டம் தட்டி எழுதக் கூடாது. அதற்குப் பதிலாகத்தான் பாட்டியின் அட்டை வருகிறது: பேத்திக்கு எந்தத் தண்ணீர் என்று தெரிந்து பிடித்துவைப்பவருக்கு அறியாமை என்று எப்படிச் சொல்வது? அவருக்கு ஒரு விவரம் மட்டும் போய்ச் சேரவில்லை. வலுவான அட்டையைக் கடைசிக்கு வைத்ததால் கட்டுரை ஏறிக்கொண்டே போனது. முதலிலேயே வைத்திருந்தால் பின்னால் எல்லாம் சப்பென்று ஆகியிருக்கும்.

வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பத்திக்கு ஒரு வரி. இதுதான் அவுட்லைன். இதை ஆசிரியரிடம் காட்டுங்கள். கட்டுரை எழுதிய பிறகு காட்டினால் அவரால் பிழை மட்டுமே திருத்த முடியும். இப்போது காட்டினால் வழியையே திருத்தித் தர முடியும்.

ஆறாம் படி: இப்போது ஆங்கிலம்

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தமிழில் முழுப் பத்தியாக எழுதிவிட்டு அதை ஆங்கிலமாக்காதீர்கள், கூகுள் டிரான்ஸ்லேட்டிலும் போடாதீர்கள். குறிப்பு தமிழில் இருக்கலாம், பத்தி நேராக ஆங்கிலத்தில்தான் வர வேண்டும். காரணம் சொல்கிறேன். தமிழில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "மழை பொய்த்துக் கிணறு வற்றிப்போனதால் ஆளாளுக்கு போர் போட்டு ஆழத்துத் தண்ணியை எடுத்துக் குடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் பிள்ளைங்க பல்லுல கறை தெரிஞ்சுது." ஒரே மூச்சு, கேட்க அழகு. இதை அப்படியே ஆங்கிலமாக்கினால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆங்கிலத்தில் இது ஐந்து வாக்கியம்: மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. மக்கள் போர் போட்டார்கள். அவர்கள் ஆழத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது. ஒவ்வொன்றிலும் யார் செய்தார், என்ன செய்தார் என்று இரண்டும் இருக்க வேண்டும். தமிழில் "யார்" என்பதை விட்டுவிட்டுப் பேசலாம், ஆங்கிலத்தில் முடியாது. இதைப் பழகிக்கொண்டால் பாதிப் பிழை போய்விடும். பிறகு எந்த இரண்டு வாக்கியத்தை "பிகாஸ்" போட்டுச் சேர்க்கலாம், எங்கே "ஹவெவர்" வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் அந்தப் பத்தி எதைச் சொல்லப்போகிறது என்று சொல்லட்டும். அடுத்து அட்டையில் இருக்கும் ஆதாரம். அதற்கு அடுத்து, பிள்ளைகள் எப்போதும் விட்டுவிடும் பகுதி: இந்த ஆதாரம் எதைக் காட்டுகிறது என்று உங்கள் வார்த்தையில் இரண்டு வரி. மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடாதீர்கள். பாட்டியின் பேச்சைப் போட்டால், அதை ஆங்கிலத்தில் நீங்களே மொழிபெயர்த்ததாகச் சொல்லி, அதிலிருந்து நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள்.

அளவு வேண்டுமானால், ஆயிரம் வார்த்தைக்கு ஆறு நடுப்பத்தி, பத்திக்கு நூற்றுமுப்பது வார்த்தை. மீதி முன்னுரைக்கும் முடிவுரைக்கும். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். வீடு கட்டி முடித்த பிறகுதானே வாசலில் கோலம். "தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை" என்று தொடங்க வேண்டாம். காலையில் பாட்டி வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு குடத்திலிருந்து தொடங்கலாம்.

ஆதாரம் காட்டும் முறைக்குப் பெரும்பாலும் எம்.எல்.ஏ. முறை கேட்பார்கள். மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பு வகுத்தது, 2021இல் ஒன்பதாம் பதிப்பு வந்தது. வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும். கட்டுரையின் கடைசியில் "வொர்க்ஸ் சைட்டட்" என்ற தலைப்பில் அகரவரிசைப் பட்டியல். பேட்டி என்றால் அவர் பெயர், நேரில் எடுத்த பேட்டி என்ற குறிப்பு, தேதி. அதில் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்வார்கள், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் அப்பா பெயருடையது. அதனால் ஆளின் சொந்தப் பெயரை முன்னால் போட்டு இனிஷியலைப் பின்னால் போடுங்கள், நம் நூலகங்களிலும் அப்படித்தான். பள்ளியில் வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஒப்படைப்பதற்கு முன்

எழுதி முடித்ததும் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். மறுநாள் ஒவ்வொரு பத்தியையும் படித்து, பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று தமிழில் நாலு சொல்லில் எழுதுங்கள். எழுத முடியாத பத்தியில் உங்களுக்கே தெளிவில்லை, அதைத் திரும்ப எழுதுங்கள். இரண்டு பத்திக்குப் பக்கத்தில் ஒரே நாலு சொல் வந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். இலக்கணமும் எழுத்துப்பிழையும் இதற்கெல்லாம் பிறகுதான்.

கடைசியாக, பேட்டி கொடுத்தவரிடம் ஒரு முறை போங்கள். அவர் பேசியதை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லிக் காட்டுங்கள். என் மாணவி பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகச் சொல்லிக்கொண்டே போனாள். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குழாய் போட்டது பொங்கலுக்கு அப்புறம் இல்ல சாமி, அதுக்கு முன்னாடி. பொங்கலன்னைக்கு அந்தத் தண்ணியிலதான் பானை வெச்சோம்" என்று சொன்னாராம். அவள் பேனாவை எடுத்து அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு, எலும்பைப் பற்றிய பத்தியை இன்னொரு முறை மெதுவாகச் சொன்னாள்.